கணினிக் கேள்வி–பதில்: லினக்ஸ் மடிக்கணினியில் மாத இணையக் கணக்கு

லினக்ஸ் மடிக்கணினியில் இணையத் தரவுச் செலவைக் கணக்கிடுவது குறித்து வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில் அளிக்கிறோம். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். தட்டச்சு செய்யும்போது, வேறு விதமாகச் சொல்லாத இடங்களில், ஆங்கிலச் சிற்றெழுத்துகளையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: உபுண்டு நிறுவிய மடிக்கணினி வைத்திருக்கிறேன். என் இணைய இணைப்புக்கு மாத வரம்பு உண்டு. சிஸ்டம் மானிட்டர் செயலியில் ‘மொத்தம் பெறப்பட்டது’ என்று ஓர் எண் தெரிகிறது. ஆனால் கணினியை அணைத்துப் போட்டால் அந்த எண் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. மாதம் முழுவதற்குமான கணக்கை எப்படிப் பார்ப்பது?

பதில்: நீங்கள் பார்க்கும் எண் பிழையானது அன்று, அது லினக்ஸின் மையக் கருவான கெர்னல் வைத்திருக்கும் எண். வைஃபை அட்டை, கம்பி இணைப்புத் துளை என ஒவ்வொரு வலை இடைமுகத்துக்கும் எத்தனை பைட் உள்ளே வந்தன, எத்தனை வெளியே சென்றன என்பதை லினக்ஸ் கெர்னல் இடைவிடாமல் எண்ணிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அந்த எண்ணிக்கை நினைவகத்தில் மட்டுமே இருப்பதால், கணினியை மறுதொடக்கம் செய்தாலும், சில வேளைகளில் வைஃபை இயக்கியை நீக்கி மீண்டும் ஏற்றினாலும் கூட, அழிந்துபோகிறது. சிஸ்டம் மானிட்டர் அதை எடுத்துக் காட்டுகிறதே தவிர, எங்கும் எழுதி வைப்பதில்லை. ஆகவே, கெர்னலின் எண்களை அவ்வப்போது படித்து, முந்தைய எண்ணுக்கும் இப்போதைய எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைத் தேதி வாரியாக வட்டில் பதிந்து வைக்கும் ஒரு கணக்குப்பிள்ளை உங்களுக்குத் தேவை.

அந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பது விஎன்ஸ்டாட் என்ற கட்டற்ற மென்பொருள். இது டேமூ தொய்வோலா என்பவர் எழுதியது. 2002ஆம் ஆண்டிலிருந்து வழக்கத்தில் உள்ளது. ஏறத்தாழ எல்லா லினக்ஸ் வழங்கல்களின் மென்பொருள் களஞ்சியத்திலும் இதே பெயரில் கிடைக்கிறது. உபுண்டுவில் டெர்மினலை (கட்டளைச் சாளரத்தை) திறந்து ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால் விஎன்ஸ்டாட்’ என்று கட்டளையிட்டால் போதும்; பின்னணிச் சேவையும் தானாகவே தொடங்கிவிடும். ஃபெடோரா, ஆர்ச் போன்றவற்றில் அந்தச் சேவையை ‘சிஸ்டம்சிடிஎல்’ கட்டளையால் நீங்களே இயக்கி, ஒவ்வொரு முறையும் கணினியுடன் சேர்ந்து தொடங்கும்படி நிலைப்படுத்த வேண்டியிருக்கும்.

இந்த மென்பொருளின் மீது எனக்குள்ள மதிப்புக்குக் காரணம், அது உங்கள் தரவுப் பொட்டலங்களைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை என்பதுதான். கெர்னல் ஏற்கெனவே எண்ணி வைத்திருப்பதை மட்டுமே படிப்பதால் கணினியின் வேகம் குறைவதில்லை, மின்கலம் வீணாவதில்லை, நீங்கள் எந்தத் தளத்துக்குச் சென்றீர்கள் என்ற விவரம் எங்கும் பதிவாவதும் இல்லை. இயல்பு அமைப்பில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை தன் தரவுத்தளத்தில் எழுதுகிறது. இதனால் இரண்டு விளைவுகள் உண்டு: திரையில் நீங்கள் காணும் கணக்கு சில நிமிடங்கள் பின்தங்கியிருக்கலாம், மின்கலம் தீர்ந்து கணினி திடீரென அணைந்தால் கடைசிச் சில நிமிடங்களின் கணக்கு விடுபட்டுப் போகலாம். முறையாக அணைத்தால் எதுவும் விடுபடாது.

நிறுவிய சில நாள்களுக்குப் பின், ‘விஎன்ஸ்டாட்’ என்று எழுதி, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோட்டையும் எம் என்ற எழுத்தையும் சேர்த்துக் கொடுங்கள். மாத வாரியாகப் பெற்றது, அனுப்பியது, மொத்தம் ஆகியவை அட்டவணையாக வரும். நடப்பு மாதம் இதே வேகத்தில் சென்றால் முடிவில் எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீடும் கடைசி வரியில் இருக்கும். எம் எழுத்துக்குப் பதிலாக டி கொடுத்தால் நாள் வாரியாகவும், எச் கொடுத்தால் மணி வாரியாகவும், ஒய் கொடுத்தால் ஆண்டு வாரியாகவும் பார்க்கலாம். இது நிறுவிய நேரத்திலிருந்துதான் எண்ணத் தொடங்கும் என்பதால், மாத நடுவில் நிறுவியவர்கள் முதல் மாதக் கணக்கை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

கேள்வி: விஎன்ஸ்டாட் நிறுவி மூன்று மாதமாகப் பார்த்துவருகிறேன். எனக்கு 100 ஜிபி வரம்பு. வரம்பு முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சேவை நிறுவனம் செய்தி அனுப்பிய அன்று என் கணினி 93 என்றுதான் காட்டியது. இந்த மடிக்கணினியைத் தவிர அந்த இணைப்பில் வேறு கருவியே இல்லை. மீதி ஏழு எங்கே போயிற்று?

பதில்: எங்கும் போகவில்லை. உங்கள் திரையில் 93 என்ற எண்ணை அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கூர்ந்து பாருங்கள். ஜிபி என்று இருக்காது. ஜிக்கும் பிக்கும் நடுவே ஒரு சிறிய ஐ இருக்கும். ஜிபி என்பது 100 கோடி பைட். ஜிஐபி என்பது 1024ஐ மூன்று முறை தம்முள் பெருக்கி வருவது, அதாவது 107,37,41,824 பைட். இரண்டுக்கும் ஏழு விழுக்காட்டுக்குச் சற்று மேல் வேறுபாடு உண்டு. 100 ஜிபியை ஜிஐபியாக மாற்றினால் 93.13 வரும். நீங்கள் சொன்ன எண்ணோடு இது அப்படியே பொருந்துவதால், உங்கள் நிறுவனத்தின் கணக்கும் கணினியின் கணக்கும் ஒன்றே என்று கொள்ளலாம். வெவ்வேறு அளவுப் படிகளைக் கலந்து அளந்தால் நெல் குறைந்ததுபோல் தோன்றுவது இயல்புதானே!

இதைச் சரிசெய்ய, ஈடிசி அடைவில் உள்ள ‘விஎன்ஸ்டாட் புள்ளி கான்ஃப்’ என்ற அமைப்புக் கோப்பை நிர்வாகி உரிமையுடன் திறந்து, ‘யூனிட்மோட்’ என்ற வரியின் மதிப்பை 2 ஆக்குங்கள். அந்த வரியில் யூ, எம் ஆகிய இரண்டும் பேரெழுத்துகள். மதிப்பை 1 ஆக்கினாலும் திரையில் ஜிபி என்றுதான் வரும். ஆனால் அது பெயரை மட்டும் மாற்றிவிட்டு, 1024இன் கணக்கையே தொடரும் பழைய முறை. பலர் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கோப்பைத் திறந்த கையோடு இன்னொரு வரியையும் பார்த்துவிடுங்கள். ‘மன்த்ரொட்டேட்’ (எம், ஆர் இரண்டும் பேரெழுத்துகள்) என்பது மாதம் எந்தத் தேதியில் மாறுகிறது என்பதைக் குறிக்கும். இயல்பாக 1 என்று இருக்கும். உங்கள் கட்டணச் சுழற்சி 7ஆம் தேதி தொடங்குமானால் அங்கே 7 என்று கொடுக்கலாம். அதன்பின் பிப்ரவரி 6 வரையிலான செலவு ஜனவரிக் கணக்கில் சேரும். 1 முதல் 28 வரை எந்த எண்ணையும் கொடுக்கலாம். ஏற்கெனவே பதிந்த மாதங்கள் திருத்தப்படமாட்டா, இனி வருபவைக்கு மட்டுமே இது பொருந்தும் என்பதையும், மாற்றிய பின் சேவையை ஒரு முறை மறுதொடக்கம் செய்ய வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மாதக் கணக்காக இல்லாமல் குறிப்பிட்ட எண்ணிக்கை நாள்களுக்குச் செல்லுபடியாகும் திட்டம் என்றால் இந்த வரி உதவாது. நாள் வாரிப் பட்டியலைத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் கொடுத்துக் கேட்பதே வழி. நாள் வாரிப் பதிவுகள் இயல்பு அமைப்பில் 62 நாள்களுக்கு இருக்கும்.

அலகையும் தேதியையும் சரிசெய்த பிறகும் ஒன்றிரண்டு விழுக்காடு வேறுபாடு நீடித்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். கணினி தன் வாசலில் எண்ணுகிறது. நிறுவனம் தன் வாசலில் எண்ணுகிறது. நிறுவனத்திலிருந்து கிளம்பி வழியில் தொலைந்துபோன பொட்டலம் அவர்கள் கணக்கில் ஏறியிருக்கும், உங்கள் கணக்கில் ஏறியிருக்காது. வேறுபாடு எதிர்த்திசையில், அதாவது உங்கள் கணினி மிகுதியாகக் காட்டும்படி இருந்தால், பெரும்பாலும் உள்வலைப் போக்குவரத்துதான் காரணம். அதே ரவுட்டரோடு இணைந்த வன்வட்டுக்குப் படங்களை நகலெடுத்தாலும், அச்சுப்பொறிக்குக் கோப்பு அனுப்பினாலும் அந்த பைட்டுகள் வைஃபை அட்டையின் வழியாகத்தான் செல்கின்றன. அவை இணையத்துக்குப் போகவில்லை என்பது அட்டைக்குத் தெரியாது. உள்வலையை நீக்கிவிட்டு எண்ணியே ஆக வேண்டும் என்பவர்கள், 192.168, 10, 172.16 முதல் 172.31 வரை எனத் தொடங்கும் தனிப்பட்ட முகவரிகளைத் தவிர்த்து எண்ணும் விதி ஒன்றை என்எஃப்டேபிள்ஸ் தீச்சுவரில் எழுதிக்கொள்ளலாம்.

கேள்வி: விபிஎன் (மறையாக்கிய தனிவழி இணைப்பு) பயன்படுத்துகிறேன். விஎன்ஸ்டாட் இரண்டு இடைமுகங்களைக் காட்டுகிறது. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டையும் கூட்ட வேண்டுமா?

பதில்: கூட்டாதீர்கள். டன், டபிள்யூஜி என்று தொடங்கும் பெயருள்ளது விபிஎன்னின் மெய்நிகர் இடைமுகம். அதில் செல்லும் ஒவ்வொரு பைட்டும் மறையாக்கப்பட்டு உண்மையான அட்டையின் வழியாகவே வெளியேறுகிறது. டபிள்யூஎல் என்று தொடங்கும் வைஃபை அட்டையின் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உறை போடும் செலவும் அதில் அடங்கியிருப்பதால் அது சற்றுக் கூடுதலாகவே இருக்கும். மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளில் இயக்கும் டாக்கர் உருவாக்கும் மெய்நிகர்ப் பாலங்களுக்கும் இதே விதிதான். ஆனால் வைஃபையையும் கம்பி இணைப்பையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்கள் அவ்விரண்டையும் கூட்டத்தான் வேண்டும். இரண்டு பெயர்களுக்கும் நடுவே கூட்டல் குறி இட்டு, சிறு கோடு ஐ என்ற தெரிவுடன் கொடுத்தால் விஎன்ஸ்டாட்டே கூட்டிக் காட்டும்.

கேள்வி: பகலில் அலுவலக வைஃபை, இரவில் கைபேசியின் ஹாட்ஸ்பாட். எனக்கு வரம்பு ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும்தான். இரண்டையும் எப்படிப் பிரித்துக் கணக்கிடுவது?

பதில்: இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்திருந்தேன், ஏனெனில் விஎன்ஸ்டாட் கைவிரிக்கும் இடம் இதுவே. அதற்கு இடைமுகம்தான் கணக்கின் பெயர். எந்த வைஃபையில் சேர்ந்திருந்தாலும் அட்டை ஒன்றே என்பதால் எல்லாம் ஒரே பேரேட்டில்தான் விழும்.

உங்கள் தேவை மொத்த எண்ணை அறிவது மட்டும் என்றால், லினக்ஸை விட்டுவிட்டுக் கைபேசியையே கேளுங்கள். ஆண்ட்ராய்டு கைபேசியின் தரவுப் பயன்பாட்டுப் பக்கத்தில், செயலிகளின் பட்டியலோடு ஹாட்ஸ்பாட் வழியாகப் பிறருக்குக் கொடுத்த தரவும் தனி வரியாக இருக்கும். சுழற்சித் தேதியையும் எச்சரிக்கை அளவையும் அங்கேயே அமைத்துக்கொள்ளலாம். பட்டணத்துக்கு நேர்வழி இருக்க மலையைச் சுற்றிப் போக வேண்டியதில்லை.

கணினியிலேயே வேண்டும் என்றால், வலை இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் துணையை நாடலாம். ஈடிசி அடைவில் நெட்வொர்க்மேனேஜரின் அடைவுக்குள் (அதன் பெயரில் என், எம் இரண்டும் பேரெழுத்துகள்) ‘டிஸ்பேட்சர் புள்ளி டி’ என்று ஓர் உள்ளடைவு உண்டு. அதில் வைக்கப்படும் நிரல்களை, ஓர் இணைப்பு ஏற்படும்போதும் துண்டிக்கப்படும்போதும் நெட்வொர்க்மேனேஜர் தானாகவே இயக்குகிறது. எந்த இடைமுகம், ஏற்பட்டதா துண்டிக்கப்பட்டதா என்ற இரண்டு செய்திகளையும், இணைப்பின் பெயரையும் நிரலுக்குத் தருகிறது. சிஸ் அடைவின் கீழ் கிளாஸ், நெட், இடைமுகப் பெயர், ஸ்டாடிஸ்டிக்ஸ் என்று சென்றால் ‘ஆர்எக்ஸ் பைட்ஸ்’, ‘டிஎக்ஸ் பைட்ஸ்’ என்ற இரு கோப்புகளில் கெர்னலின் எண்கள் இருக்கும். சொற்களின் நடுவே அடிக்கோடு உண்டு. இணைப்பு ஏற்படும்போது இந்த இரண்டையும் குறித்துக்கொண்டு, துண்டிக்கும்போது மீண்டும் படித்துக் கழித்து, விடையை இணைப்பின் பெயரோடு ஒரு கோப்பில் சேர்த்துவிட்டால் போதும். பத்துப் பதினைந்து வரி நிரல்தான். அந்த நிரல் ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்கு உரியதாகவும், இயக்கும் உரிமை உள்ளதாகவும், பிறர் திருத்த முடியாததாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நெட்வொர்க்மேனேஜர் அதை ஏறிட்டும் பார்க்காது.

இந்த முறையிலும் ஓட்டைகள் உண்டு. கணினி திடீரென அணைந்தால் துண்டிப்புச் செய்தியே வராது. அந்த அமர்வின் கணக்கு போய்விடும். கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைப்பவர்களுக்கு வேறொரு தொல்லை: கம்பியைப் பிடுங்கியவுடன் இடைமுகமே மறைந்துவிடுவதால் கடைசி எண்ணைப் படிக்க முடியாது. மேலும், பல கைபேசிகள் ஒவ்வொரு முறையும் புதிய வன்பொருள் முகவரியைத் தருகின்றன; அந்த முகவரியிலிருந்தே லினக்ஸ் பெயர் வைக்கும்போது இடைமுகத்தின் பெயர் நாள்தோறும் மாறுகிறது. புதிய பெயர்களைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் விஎன்ஸ்டாட்டுக்கு இயல்பு அமைப்பில் இல்லை என்பதால், யுஎஸ்பி வழிச் செலவு சத்தமின்றி விடுபட்டுப்போகும். ‘கணினி ஒன்றுமே காட்டவில்லை, ஆனால் தரவு தீர்ந்துவிட்டது’ என்று எழுதியிருந்த இன்னொரு வாசகரும் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

கேள்வி: மொத்தக் கணக்கு தெரிகிறது, சரி. எந்த மென்பொருள் தின்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நெட்ஹாக்ஸ் என்ற கருவியை நிறுவி, சூடோவுடன் இயக்குங்கள். எந்த நிரல் நொடிக்கு எவ்வளவு பெறுகிறது, அனுப்புகிறது என்று வரிசைப்படுத்திக் காட்டும். எம் விசையை அழுத்தினால் நொடிக் கணக்கிலிருந்து, அது தொடங்கிய நேரம் முதலான மொத்தக் கணக்குக்கு மாறும். விஎன்ஸ்டாட்டைப்போல் அல்லாமல் இது பொட்டலங்களையே பிடித்துப் பார்க்கிறது; அதனால்தான் நிர்வாகி உரிமை கேட்கிறது. மூடினால் கணக்கும் முடிந்தது; மாதக் கணக்கு எதுவும் இதில் இல்லை.

ஒரு குறையைச் சொல்லாமல் விடக் கூடாது. நெட்ஹாக்ஸ் முதன்மையாக டிசிபி என்ற தரவுப் பரிமாற்ற நெறிமுறையின் இணைப்புகளுக்காக எழுதப்பட்டது. இன்றைய உலாவிகளோ, 2021இல் தரப்படுத்தப்பட்ட குயிக் என்ற நெறிமுறையில், யுடிபி என்ற இன்னொரு நெறிமுறை வழியாகவே பெருமளவு காணொளியைத் தருவிக்கின்றன. எனவே, படம் ஓடிக்கொண்டிருக்கும்போது உலாவியின் பெயருக்கு நேரே சொற்பமான எண் தெரிந்தால் வியக்க வேண்டாம். புதிய பதிப்புகளில் சிறு கோட்டுடன் சி என்ற பேரெழுத்தைக் கொடுத்தால் யுடிபியையும் சேர்த்துப் பிடிக்கும். எந்தத் தொலை முகவரியோடு பேச்சு நடக்கிறது என்பதுதான் தெரிய வேண்டும் என்றால் ஐஎஃப்டாப் பொருத்தமானது.

கேள்வி: நான் எதையும் தரவிறக்காத நாளிலும் பல நூறு எம்பி செலவாகிறது. லினக்ஸுமா நம்மைக் கேட்காமல் புதுப்பித்துக்கொள்கிறது?

பதில்: ஆம், இப்போதெல்லாம் அதுவும்தான், பாதுகாப்புத் திருத்தங்கள் தாமதமாகக் கூடாது என்ற நல்ல நோக்கத்தோடு. தடுப்பதைவிட, இந்த இணைப்பு அளந்து கொடுக்கப்படுவது என்று கணினிக்கு அறிவித்துவிடுவது நல்லது. க்னோம் பணிமேடையில் வைஃபை அமைப்புகளுக்குச் சென்று, அந்த இணைப்பின் பற்சக்கரக் குறியை அழுத்தினால், தரவு வரம்பு உள்ள இணைப்பு என்று குறிக்கும் தேர்வுப் பெட்டி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் க்னோமின் மென்பொருள் அங்காடி தானாகத் தரவிறக்குவதை நிறுத்திக்கொள்ளும். உபுண்டுவின் தானியங்கிப் பாதுகாப்புப் புதுப்பிப்பும் அந்த இணைப்பில் ஒதுங்கி நிற்கும். ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட் என்றால் நெட்வொர்க்மேனேஜரே பெரும்பாலும் ஊகித்துவிடும். ஆயினும் நீங்களே குறித்துவிடுவது உறுதி.

உபுண்டுவின் தனி மென்பொருள் வடிவமான ஸ்னாப் பொதிகள் மட்டும் தனிப்பாதையில் செல்பவை. அவற்றை நிர்வகிக்கும் சேவை இயல்பாக நாளுக்கு நான்கு முறை புதுப்பிப்பு உண்டா என்று பார்க்கிறது. வரம்புள்ள இணைப்பு என்பதை மதிக்கும்படி அதனிடம் தனியே சொல்ல வேண்டும். ‘சூடோ ஸ்னாப் செட் சிஸ்டம்’ என்று எழுதி, அடுத்து ‘ரிஃப்ரெஷ் புள்ளி மீட்டர்டு’ என்பதற்குச் சமக்குறியிட்டு ‘ஹோல்டு’ என்று கொடுங்கள். உலாவியில் தானாக ஓடும் காணொளி, மேகச் சேமிப்பின் ஒத்திசைவு ஆகியவை எல்லா வேளையிலும் இந்த அறிவிப்பைப் பொருட்படுத்துவதில்லை. அவற்றை அவற்றின் அமைப்பிலேயே நிறுத்துங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது வரம்பில்லாத இணைப்பில் சேர்ந்து, ஒதுக்கி வைத்த புதுப்பிப்புகளைக் கையால் முடித்துவிடுவதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: வரம்பை நெருங்கும்போது கணினியே எச்சரிக்குமா?

பதில்: விஎன்ஸ்டாட்டின் அண்மைய பதிப்புகளில் ‘அலர்ட்’ என்ற தெரிவு உண்டு, இரண்டு சிறு கோடுகளுக்குப் பின் எழுத வேண்டும். மாதக் கணக்கா நாள் கணக்கா, மொத்தமா பெற்றது மட்டுமா, எந்த அளவு, எந்த அலகு என்பவற்றைக் கொடுத்தால், அந்த அளவு தாண்டப்பட்டதா என்பதை, கட்டளை முடியும்போது தரும் எண்ணான வெளியேறும் குறியீட்டால் தெரிவிக்கும். அதை, குறித்த நேரங்களில் கட்டளைகளை இயக்கும் கிரானில் மணிக்கு ஒரு முறை இயக்கி, தாண்டியிருந்தால் ‘நோட்டிஃபை சிறு கோடு சென்ட்’ வழியாகத் திரையில் செய்தி காட்டும்படி அமைக்கலாம். எச்சரிக்கை அளவாக முழு வரம்பையும் கொடுக்காமல் எண்பது விழுக்காட்டைக் கொடுங்கள். அலகு ஜிபியா ஜிஐபியா என்பதை இங்கேயும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.